ஆவணம் தப்பு, ஆற்றைத் திருத்து

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் திருவாமாத்தூர் என்று ஓர் ஊர். தேவாரம் பாடிய மூவரும் வந்து பாடிவிட்டுப் போன தலம். மாடுகளுக்குக் கொம்பு கொடுத்ததே இந்த ஊர்ச் சிவன்தான் என்கிறது தலபுராணம். ஆதியில் பசுக்கள் மொட்டைத் தலையோடு திரிந்தனவாம். புலி வந்தால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. கூட்டமாக இங்கே வந்து மனுக் கொடுத்தன, சுவாமியும் மறுபேச்சில்லாமல் வழங்கிவிட்டார். நாளைக்குக் குத்து வாங்கப்போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்பது பற்றிப் புராணத்தில் தகவல் இல்லை.

பாதிக்கப்பட்டவன் தரப்பை நைசாக விட்டுவிடுவதில் திருவாமாத்தூர்க் கதைகளுக்குத் தனித் தேர்ச்சி உண்டு. அதன் உச்சம் இரட்டைப் புலவர் கதை. கட்டடக் கம்பெனிகள் பயன்படுத்தும் மென்பொருளில், எதையாவது அழிக்கிற ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலை வேலை வாங்குகிற வாசல்) கருவிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். என் தொழிலுக்குக் குலதெய்வம் என்று யாரையாவது வைக்க வேண்டுமென்றால் இந்த இரண்டு பேரைத்தான் வைப்பேன். பின்பற்றுவதற்காக இல்லை, பயந்துகொள்வதற்காக.

இளஞ்சூரியர், முதுசூரியர் என்று பெயர். காலம் பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டு. அத்தை மகன், மாமன் மகன் உறவு. ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் கால் வராது. கண் தெரியாதவர் தோளில் கால் வராதவர் ஏறி உட்கார்ந்துகொள்வார். மேலே இருப்பவர் வழி சொல்ல, கீழே இருப்பவர் நடப்பார். பாட்டும் அதே ஏற்பாடுதான்: முன்பாதியை ஒருவர் எடுத்துக் கொடுக்க, பின்பாதியை மற்றவர் முடிப்பார். இன்றைக்கு இந்த வேலையை ஒரு கம்பெனியிடம் கொடுத்தால் இரண்டு டீமாகப் பிரித்து, நடுவில் ஒரு மேனேஜரை உட்கார வைத்து, திங்கட்கிழமைதோறும் மீட்டிங் போடுவார்கள். பாட்டு வராது.

இவர்கள் ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் பற்றி எழுதினார்கள். தில்லைக்கு ஒரு கலம்பகம், காஞ்சி ஏகாம்பரநாதருக்கு ஓர் உலா, திருவாமாத்தூருக்கு ஒரு கலம்பகம். கலம்பகம் என்பது லேசுப்பட்ட சரக்கில்லை. பதினெட்டு உறுப்புகள் வர வேண்டும். நீளத்துக்கும் சட்டம் உண்டு: தேவர்களுக்கு 100 பாட்டு, அந்தணருக்கு 95, அரசருக்கு 90, அமைச்சருக்கு 70, வணிகருக்கு 50, வேளாளருக்கு 30. யார் எத்தனை பக்கம் பார்க்கலாம் என்று லாகின் வாரியாகப் பூட்டு போடுவதை அமெரிக்காக்காரன் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

திருவாமாத்தூர்க் கலம்பகத்துக்கு அரங்கேற்றம் நடந்தது. ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார்கள். கோயில் பம்பையாற்றுக்கு மேற்கே இருப்பதாக ஓரிடத்தில் வந்தது. ஒருவர் எழுந்தார். எந்த ரிவ்யூவிலும் இப்படி எழுகிறவர் ஒருவர் இருப்பார். அதுவரை தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.

“புலவரே, ஒரு சின்ன சந்தேகம். நான் பொறந்து வளந்த ஊருங்க இது. கோயிலு ஆத்துக்குக் கிழக்கால இல்ல இருக்கு?”

சபை அமைதியானது. அதன்பிறகு நடந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதால் நானே எழுதிக்கொள்கிறேன். மேலே இருந்தவர் குனிந்தார்.

“மச்சான், மேற்குன்னு சொன்னது யாரு?”

“மேல உக்காந்து பாத்தது நீ. நடந்தவன் நான். என்னையே கேக்குறியே மாப்ள?”

“நீ எந்தப் பக்கம் திரும்பி நின்னேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நியாயமான ஆள் என்றால் ஓலையில் ‘மேற்கு’ என்பதை அடித்துவிட்டுக் ‘கிழக்கு’ என்று எழுதுவான். புலவனுக்கு அது முடியாது. மேற்கு தேமா, கிழக்கு புளிமா. விளத்துக்கு முன்னால் நேர் வந்து நின்ற இடத்தில் நிரை வந்து மோதினால் தளை தட்டும். தளையைச் சரிசெய்ய முந்தின சீரை மாற்ற வேண்டும், அதை மாற்றினால் மோனை போகும், மோனைக்காக முந்தின அடியைத் தொட வேண்டும். ஒரு திசையைத் திருத்தப் போய்ப் பாட்டே காலியாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருளில் ஒரு வரியை மாற்றச் சொன்னால் டெவலப்பர் முகம் ஏன் அப்படிப் போகிறது என்பதற்கு யாப்பருங்கலக்காரிகையில் விளக்கம் இருக்கிறது.

ஆகவே புலவர்கள் உலகத்தின் மிகப் பழைய பதிலைச் சொன்னார்கள்: “எங்கள் வாயில் வந்தது அவன் வாக்கு. அது பொய்க்காது.” அதாவது, ஆவணம் சரி, ஆறுதான் தப்பான இடத்தில் ஓடுகிறது. டிக்கெட் மேலிடத்துக்குப் போனது.

அன்று ராத்திரி மழை கொட்டியது. பம்பையில் வெள்ளம் வந்தது. விடிந்து பார்த்தால் ஆறு கோயிலுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கோயில் ஆற்றுக்கு மேற்கே வந்துவிட்டது. அரங்கேற்றம் இனிதே நிறைவேறியது. சந்தேகம் கேட்டவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்.

இந்தக் கதையைப் பக்தியோடு கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் தொழில் புத்தி விடமாட்டேன் என்கிறது. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் கோயிலுக்குக் கிழக்கே ஒருவன் நெல் போட்டிருந்தான் இல்லையா? அவனுக்கு ஒரு வரப்பு இருந்திருக்கும், ஒரு ஏற்றம் இருந்திருக்கும், மழைக்கு முன்னால் எடுத்து வைக்க நேரமில்லாமல் ஒரு வைக்கோல் போர் இருந்திருக்கும். காலையில் அவன் எழுந்து வெளியே வந்தால் வாசலில் பம்பையாறு. ஏன் வந்தது என்று கேட்டால், “மோனைக்காக” என்று பதில். மேற்கே ஆற்றுப் பாய்ச்சலை நம்பிக் காய்கறி போட்டிருந்தவனுக்கு ஒரே ராத்திரியில் மணல் மட்டும் மிச்சம். முன்னறிவிப்பு இல்லை, திரும்பப் பெறும் வசதி இல்லை, யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்ற பட்டியல் இல்லை. நூறு பாட்டில் அந்த இரண்டு பேருக்கும் ஒரு பாட்டுகூட ஒதுக்கவில்லை.

(கதைகளைத் தொகுக்க இந்த ஊரில் ஆள் இல்லாமல் இல்லை. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 1898இல் அடங்கியது இங்கேதான். புலவர்களின் வரலாற்றையே ‘புலவர் புராணம்’ என்று செய்யுளாக எழுதியவர். மொத்தம் லட்சம் பாட்டு பாடினார், கிடைத்தது ஏறக்குறையப் பாதி என்பார்கள். லட்சத்தில் ஒன்று அந்த வைக்கோல் போர்க்காரனுக்கு இருந்து, தொலைந்த பாதியில் போய்விட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.)

நம் காலத்துக்கு வருவோம். கட்டட மென்பொருள் என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு ஏதோ வரைபடம் போடுகிற சமாசாரம் என்று தோன்றும். உள்ளே போனால் அது ஒரு குடும்பம். ப்ராஜெக்ட் என்று ஒரு தாத்தா. அவருக்குக் கீழே பிளாக், அதற்குக் கீழே தளம், தளத்துக்குக் கீழே ஒவ்வொரு தூணும் பீமும். தூணைப் பிடித்துக்கொண்டு அன்றைய சைட் டைரி, கம்பி கட்டும் அட்டவணை, கான்ட்ராக்டரின் ரன்னிங் பில், சென்ட்ரிங் பிரித்த தேதி, மேஸ்திரி மொபைலில் எடுத்து அனுப்பிய போட்டோ. ‘தளத்தை நீக்கு’ என்று ஒரு ஏபிஐ இருந்தால், அது தளத்தை மட்டுமா நீக்கும்? கீழே தொங்குகிற அத்தனையையும் கூட்டிக்கொண்டு போகும். ஆனால் பெரும்பாலான இடங்களில் குறிப்பு எப்படி இருக்கும் தெரியுமா? “தளத்தை நீக்கும். வெற்றி எனில் 204.” (204 என்றால் ‘ஆயிற்று’ என்று சர்வர் சொல்கிற குறி.) அவ்வளவுதான். பம்பையாறு கதையைவிடச் சுருக்கம்.

ஒரே ஒரு தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். க்யூப் டெஸ்ட் ரிப்போர்ட். கான்க்ரீட் போடும்போது 15 சென்டிமீட்டர் கனச்சதுர அச்சில் கொஞ்சம் எடுத்து ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டு, ஏழாம் நாள் சிலதை, இருபத்தெட்டாம் நாள் சிலதை எடுத்து மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எத்தனை பாரத்தில் நொறுங்கியது என்பதுதான் அந்தக் கான்க்ரீட்டின் ஜாதகம். நொறுங்கின க்யூபைத் திரும்ப ஒட்ட முடியாது. தூணுக்குள் போன கான்க்ரீட்டை அச்சில் ஊற்ற முடியாது. உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு ரிப்போர்ட் மட்டும். ‘இரண்டாம் தளம்’ என்று இரண்டு தடவை பதிவாகிவிட்டது, டூப்ளிகேட்டை எடுத்துவிடலாம் என்று யாரோ நல்லெண்ணத்தில் தப்பான ‘இரண்டாம் தள’த்தை நீக்கினால், கட்டடம் நிற்கும், அது நிற்கத் தகுந்தது என்பதற்கான சாட்சி போய்விடும். பிறகு ஆள் வைத்துத் தூணைத் துளைத்துக் கோர் எடுக்க வேண்டியதுதான். அதற்கு ஆகும் செலவையும் 204 என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் குறிப்பு எழுதுகிறவனுக்குப் புத்தி வரும்.

எழுத்தில் ஒரு வரி குறைந்தால் ஆறு எங்கே பாயும் என்பதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் 2022 ஏப்ரல் 5ஆம் தேதி நடந்தது. அட்லாசியன் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி, ஜிரா என்ற வேலைப்பட்டியல் மென்பொருளைச் செய்கிறவர்கள். பழைய செயலி ஒன்றை வாடிக்கையாளர்களின் இணையத் தளங்களிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரு குழு அடுத்த குழுவிடம் ஐடி பட்டியல் கேட்டது. செயலியின் ஐடி வர வேண்டிய இடத்தில், அந்தச் செயலி குடியிருந்த தளத்தின் ஐடியே வந்து சேர்ந்தது. வாடகைக்காரனைக் காலி செய்யச் சொல்லி வீட்டு விலாசத்தை இடிக்கிறவனிடம் கொடுத்த கதை. அந்த ஏபிஐ இருக்கிறதே, அது பரந்த மனசுக்காரன். செயலி ஐடி கொடுத்தால் செயலியை அழிக்கும், தள ஐடி கொடுத்தால் தளத்தையே அழிக்கும், ‘எதைச் சொல்றீங்க சார்’ என்று திருப்பிக் கேட்காது. 23 நிமிடத்தில் 883 தளங்கள் போயின, 775 வாடிக்கையாளர்களுடையவை. சிலருக்குத் திரும்பக் கிடைக்க 14 நாள் வரை ஆனது. இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: புகார் கொடுக்க வேண்டுமானால் படிவத்தில் உங்கள் தளத்தின் முகவரியை நிரப்ப வேண்டும். அந்தத் தளம்தான் இல்லையே! வைக்கோல் போர்க்காரன் தாசில்தார் ஆபீசுக்குப் போய், “உன் நிலம் எங்கேப்பா?” என்று கேட்கப்பட்டு, ஆற்றைக் காட்டின மாதிரி.

அட்லாசியன்காரர்களைப் பாராட்ட வேண்டிய விஷயமும் ஒன்று. நடந்ததை அவர்களே நீளமாக எழுதி வெளியிட்டார்கள். “எங்கள் வாக்கு பொய்க்காது, தளங்கள்தான் தப்பான இடத்தில் இருந்தன” என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது நிலைமை இன்னும் கலகலப்பு. ஏபிஐ குறிப்பைப் படிப்பது மனிதனே இல்லை, ஏஐ. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்று ஒன்றை வெளியிட்டது. ஏஐயின் கையில் கருவிகளைக் கொடுப்பதற்கான பொது ஏற்பாடு. சைட் இன்ஜினியர், “அந்த டூப்ளிகேட் தளத்தை எடுத்துடு” என்று தட்டுவார். ஏஐ குறிப்பைப் படித்து, எந்தக் கருவி என்று முடிவு செய்து, ஏபிஐயைக் கூப்பிடும். கவனித்தீர்களா? மேலே உட்கார்ந்து வழி சொல்வது ஒருவர், அவருக்குக் கால் இல்லை. கீழே நடப்பது ஒருவர், அவருக்குக் கண் இல்லை. அறுநூறு வருஷத்துக்குப் பிறகு இரட்டைப் புலவர் திரும்ப வந்துவிட்டார்கள், இந்தத் தடவை கையில் கடப்பாரையோடு. மேலே இருப்பவர் பார்ப்பதுகூட ஆற்றை இல்லை, நான் எழுதிய நாலு வரியை.

சரி, நடுவில் ஒரு தடுப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். அதற்கும் திருவாமாத்தூரிலேயே மாதிரி இருக்கிறது: வட்டப்பாறை. இந்த ஊர்க் கோயிலில் இருக்கும் இந்தப் பாறையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் ஆள் அம்பேல் என்பது சுற்றுவட்டார நம்பிக்கை. அந்தக் காலத்து ‘நிச்சயமாகத்தானா? ஆம் / இல்லை’ பெட்டி.

அதை ஏமாற்றினவன் கதையும் உண்டு. அண்ணன் ஒருவன் தம்பி சொத்தைச் சுருட்டிவிட்டான். ஊர் கூடி, “பாறையில கை வச்சு சத்தியம் பண்ணு” என்றது. அண்ணன் பணத்தைப் பொன்னாக்கி, தன் கைத்தடியைக் குடைந்து உள்ளே போட்டு அடைத்துக்கொண்டு வந்தான். பாறைக்கு முன்னால் வந்ததும், “தம்பி, இந்தத் தடியைக் கொஞ்சம் புடி” என்று தம்பி கையிலேயே கொடுத்துவிட்டு, “இவன் சொத்து எதுவும் என்கிட்ட இல்ல. எல்லாம் அவன்கிட்டயே இருக்கு” என்று சத்தியம் செய்தான். அட்சரசுத்தமான உண்மை. தம்பி கையில் தடி, தடிக்குள் பொன். பாறை வாயைத் திறக்கவில்லை. அண்ணன் தடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடந்து, தும்பூர்ப் பக்கம் போனதும் பாறையையும் தெய்வத்தையும் கிண்டலடித்தானாம். பாம்பு வந்து போட்டது.

பாறை சோதித்தது வாக்கியத்தை. தடியை யாரும் திறந்து பார்க்கவில்லை. நம் திரைகளில் வருகிற ‘உறுதியா?’ பெட்டியும் அப்படித்தான்: எதை உறுதி செய்கிறோம் என்று உள்ளே ஒரு வரி இருக்காது. நாளைக்கு நூறு தடவை ‘ஆம்’ தட்டுகிற விரல் நூற்றோராவது தடவை யோசிக்குமா? மேற்சொன்ன புரோட்டோகாலில் ஒரு நல்ல விதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கருவியும் தான் அழிக்கக்கூடியதா இல்லையா என்று ஒரு குறிப்புச் சொல்லலாம். எதையாவது மாற்றுகிற கருவி இதைப் பற்றி வாயே திறக்காவிட்டால், அழிக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சாதுவாக உட்கார்ந்திருப்பவனையும் சந்தேகப்படு என்கிற நம்ம ஊர் மாமியார் சட்டம். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்கள்: கருவி தன்னைப் பற்றித் தானே சொல்வதை, நம்பகமான இடத்திலிருந்து வந்தால் ஒழிய, நம்பாதே. கைத்தடி அண்ணன் கதையைப் படித்தவர்களோ என்னவோ.

ஆறு எல்லா நேரமும் ஆவணத்துக்கு அடங்கி நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பம்பை ஒரு தடவை செய்துவிட்டு நிறுத்திக்கொண்டது. அதே விழுப்புரம் மாவட்டத்தில் தளவானூரில், தென்பெண்ணைக்குக் குறுக்கே 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒரு தடுப்பணை கட்டி 2020இல் திறந்தார்கள். காகிதத்தில் அது நின்றது. 2021 ஜனவரியில் ஒரு கரைப் பக்கம் உடைந்தது, நவம்பர் வெள்ளத்தில் மறுகரைப் பக்கம் அறுத்துக்கொண்டு போனது, கடைசியில் மிச்சத்தை அரசே வெடி வைத்துத் தகர்த்தது. தென்பெண்ணைக்குக் கலம்பகம் பாட ஆள் இல்லை போலிருக்கிறது.

அழிப்பதை ஒழுங்காக எழுதிவைத்து அழித்தவன் ஒருவனாவது நம்மில் உண்டா என்று தேடினால், ஒரு பெரிய ஆள் கிடைக்கிறார். ராஜராஜ சோழன். கொள்ளிடக் கரையில் திருமழபாடி. தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், அந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட உத்தரவு போட்டார். பழைய சுவர் முழுக்கக் கல்வெட்டு. சாதாரண கான்ட்ராக்டராக இருந்தால், “கல்லை இறக்குடா” என்றிருப்பான். இவர் முதலில் எல்லாக் கல்வெட்டையும் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னார். அப்புறம்தான் பிரித்தார்கள். அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில், 1026 வாக்கில், புத்தகத்தில் இருந்ததை எடுத்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். இப்படிப் படியெடுத்துத்தான் பிரித்தோம் என்பதையும் சேர்த்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். என்னென்ன போகும், எங்கே படி இருக்கிறது, யார் உத்தரவு, எப்போது திரும்ப வந்தது: என் குறிப்பில் இருக்க வேண்டிய நாலு வரியும் அந்தச் சுவரில் இருக்கிறது. பேக்கப்பிலிருந்து மீட்க அட்லாசியனுக்கு இரண்டு வாரம், சோழனுக்குப் பதின்மூன்று வருஷம். கல் உளி வேகம் அவ்வளவுதான்.

இதில் நிச்சயமாக வயிறெரிந்திருக்கக்கூடியவன் ஒருவன் உண்டு. அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் ஏகப்பட்டவை விளக்குக் கணக்கு. யாரோ புண்ணியவான் 96 ஆட்டைக் கோயிலுக்கு எழுதிவைப்பார். ஓர் இடையன் அவற்றைப் பொறுப்பேற்று, ஒரு நந்தாவிளக்குக்குத் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். சூரிய சந்திரர் உள்ளவரை. ஆடுகளுக்குக் கல்வெட்டில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர்: சாகாது, மூப்படையாது, எண்ணிக்கை குறையாது. ஆட்டுக்கு இந்த விஷயம் தெரியாது. செத்ததையும் நரி தூக்கினதையும் ஈடுகட்டிக்கொண்டு, பாட்டன் காலத்திலிருந்து நெய் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் இடையன், சுவரைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஓடி வந்திருப்பான். தன் கடன் பத்திரம் கண்ணெதிரே கல் கல்லாக இறங்குகிறது. பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை கக்கத்தில் கட்டுக் கட்டாக என்னமோ ஓலை வைத்திருக்கிறாரே, அது என்னவென்று அவன் அப்போது கேட்டிருக்கலாம்.